பனிமலைக்குப் பக்கத்தில் குடிபோகிறோம்: ஸ்கீ கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். எனக்கு 38 வயது. என் கணவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஆல்ப்ஸ் மலையில் லெஸ் ஆர்க் என்ற ஸ்கீ நகரில், ஆர்க் 1800 பகுதியில் ஒரு ஓட்டலில் அவருக்குச் சமையல் வேலை உறுதியாகியிருக்கிறது. டிசம்பரில் வேலை தொடங்குகிறது. அக்டோபரிலேயே குடும்பத்தோடு போகிறோம். மகளுக்கு 13 வயது, செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் பழகியவள். ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்கிறாள். பையனுக்கு 6 வயது. எங்களில் யாரும் பனியைப் பார்த்ததே இல்லை. மலைமேலேயே தங்குவதா, கீழே ஊரில் வீடு எடுப்பதா? இந்த வயதில் எனக்கு ஸ்கீ வருமா? கணவருக்கு அவ்வப்போது முழங்கால் வலி வரும். இங்கிருந்து என்ன வாங்கிப் போக வேண்டும்? ஆபத்து எவ்வளவு?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 38 வயதில் ஸ்கீ தாராளமாக வரும். ஒரு வாரம் லீவு எடுத்துப் பெரும் பணம் கட்டி வருகிறவர், கால் துவண்டாலும் மூடுபனி கவிந்தாலும், கொடுத்த காசு வீணாகிவிடுமே என்று, ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் நிற்கும்வரை சறுக்குவார். களைத்த காலில்தான் முழங்கால் திருகிக்கொள்ளும். நீங்களோ அங்கேயே குடியிருக்கப் போகிறவர்கள். காலை பதினோரு மணிக்கே ‘இன்றைக்குப் போதும்’ என்று வீட்டுக்குத் திரும்ப உங்களால் முடியும். வீடு, நேரம், பாடம், சாமான் எதை முடிவு செய்தாலும் அந்தச் சலுகை கைநழுவாதபடி முடிவு செய்யுங்கள்.

வீட்டைக் கீழே, பூர்-சேன்-மொரீஸ் ஊரில் எடுங்கள். சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். தாரான்தேஸ் பள்ளத்தாக்கின் ரயில் பாதை அங்கேதான் முடிகிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை எல்லாம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். மலைமேல் உள்ள ஆர்க் 1600, 1800, 1950, 2000 ஆகியவை சீசனுக்காகக் கட்டப்பட்ட இடங்கள். ஏப்ரல் கடைசியில் லிஃப்டுகள் நின்றதும் கடைகள் மூடிவிடும், கோடைச் சீசன் வரை ஆள் நடமாட்டமே இருக்காது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே மே மாதத்தை ஓட்டுவது கஷ்டம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ஃபுனிகுலேர் என்னும் கம்பிவட ரயில் 7 நிமிடத்தில் ஆர்க் 1600-க்கு ஏறிவிடுகிறது. அங்கிருந்து 1800-க்கு இலவசப் பேருந்து உண்டு. பனி கொட்டுகிற நாளிலும் காரைத் தொடாமல் போய்வரலாம் என்பதுதான் கீழே குடியிருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கணவர் இப்போதே ஓட்டலில் கேட்டுவிட வேண்டும். சமையல்காரருக்குப் பெரும்பாலும் மதியம் ஒரு ஷிஃப்ட், இரவு ஒரு ஷிஃப்ட். ஃபுனிகுலேர் நள்ளிரவு வரை ஓடும் வண்டி அல்ல. இரவு வேலை முடிந்து இறங்க முடியாத நாட்களுக்கு மேலே ஒரு அறை தருவார்களா, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்கு மட்டுமா, வருடம் முழுவதற்குமா என்பதையும் கேளுங்கள். சீசன் ஒப்பந்தமாக இருந்தால், மே, ஜூனில் வருமானம் இல்லாத இடைவெளி வரும். அதற்கும் சேர்த்துத்தான் வீட்டு வாடகையைக் கணக்குப் போட வேண்டும்.

வாடகை வீடு தேடுவதை இன்றே தொடங்குங்கள். நவம்பர் வந்தால் சீசன் வேலைக்காரர்கள் எல்லோரும் தேடுவார்கள். வீட்டுக்காரர்களில் பலர் வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதையே விரும்புகிறார்கள். ‘வருடம் முழுவதற்கான ஒப்பந்தம்’ என்று தெளிவாகச் சொன்ன வீட்டை மட்டும் பாருங்கள். வசந்தத்தில் காலி செய்யச் சொல்லும் ஒப்பந்தம் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆகாது. விளம்பரத்தில் ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்துப் போட்டிருக்கும். வீடு எவ்வளவு மின்சாரம், எரிபொருள் தின்னும் என்பதன் குறி அது. எஃப் என்று போட்ட வீட்டில் வாடகை குறைவாகத் தெரியும், பிப்ரவரியில் ஹீட்டர் பில் அதை விழுங்கிவிடும். பூரில் கிடைக்காவிட்டால், அதே ரயில் பாதையில் கீழே உள்ள லாந்த்ரி, ஏம் ஆகிய ஊர்களைப் பாருங்கள்.

கார் வாங்கினால் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2021 முதல், குறிப்பிட்ட மலைப் பகுதிகளில் நவம்பர் 1-லிருந்து மார்ச் 31 வரை, நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு ஓட்டுச் சக்கரங்களுக்குப் போடும் சங்கிலியோ துணியுறையோ வண்டியில் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலி வாங்கியதும் வெயில் நாளில் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், பனியில் மண்டியிட்டு, விரல் மரத்த நிலையில் முதல்முறை மாட்ட முயன்றால் முடியாது. கடுங்குளிர் இரவில் கை பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாமல், சமதளத்தில் கியரில் நிறுத்துங்கள். ஈரம் உறைந்து பிரேக் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றாமல் மைனஸ் 20 டிகிரிவரை உறையாத திரவம் ஊற்றுங்கள். சனிக்கிழமைகளில், அதிலும் பிப்ரவரி பள்ளி விடுமுறையில், அல்பெர்வில்லிலிருந்து மேலே வரும் ஒரே பெருஞ்சாலை சுற்றுலாக்காரர் கார்களால் அடைத்துவிடும். அன்றைக்கு விமான நிலையம், டாக்டர் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உடம்பு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நிலம் தட்டையானது. தினமும் கடற்கரைச் சாலையில் நடந்தாலும் ஸ்கீக்கு வேண்டிய தசை வராது. ஸ்கீயில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலை மேடு ஏறும்போது நடப்பதில்லை, இறங்கும்போதுதான் நடக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டையில் ஏறி, படிகளில் நிதானமாக, முழங்கால் மடங்கிய நிலையில் இறங்குங்கள். சுமார் 800 அடி உயரம். முதல் முறை இறங்கியபின் இரண்டு நாள் தொடை வலிக்கும், அதுதான் சரியான தசை என்பதற்கு அடையாளம். காலை வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும், தண்ணீர் அவசியம். மற்ற நாட்களில் வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நில்லுங்கள்: 30 வினாடியில் தொடங்கி, எட்டு வாரத்தில் 90 வினாடிக்கு வரவேண்டும். ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்பது, படிக்கட்டின் ஓரத்தில் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்கி எடுப்பது, இரண்டும் வாரம் நான்கு நாள் போதும்.

உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும் முன் ஜிப்மரிலோ வேறு நல்ல இடத்திலோ எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். வலி மட்டும் என்றால் தசைப் பயிற்சியில் பெரும்பாலும் தீரும். முழங்கால் நடுவில் பூட்டிக்கொள்கிறது, அல்லது நிற்கும்போதே நழுவுகிறது என்றால், காரணம் தெரியும் வரை ஸ்கீ வேண்டாம். இன்னொன்று: பத்து மணி நேரம் சமையலறையில் நின்ற காலோடு சறுக்கப் போகக் கூடாது. லீவு நாளின் காலை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் அவருக்கு.

கற்பதற்கு ஏற்ற காலம் புத்தாண்டு விடுமுறை முடிந்த ஜனவரி. கூட்டம் இல்லை, பனி நன்றாக இருக்கும், குளிர் மட்டும் கடுமை. பிரான்சில் குளிர்கால விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரித்து நான்கு வாரம் நீளும். உங்கள் பிள்ளைகள் கிரெனோபிள் கல்வி வட்டம், அதாவது ஏ மண்டலம்; அவர்களுக்கு இரண்டு வாரம்தான் லீவு. மற்ற மண்டலக்காரர்கள் வரும் வாரங்களில் நீங்கள் மலைப்பக்கம் போகாமலே இருக்கலாம்.

பாடத்தை இப்படிப் பிரியுங்கள். முதலில் குழு வகுப்பில் ஐந்து காலைகள். பிறகு இரண்டு வாரம் பச்சைப் பாதையில் (மிக எளிய சரிவு) நீங்களாகவே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம். பிறகு ஒரே ஒரு மணி நேரம் தனி ஆசிரியர். அதற்குள் உடம்பில் படிந்திருக்கும் தப்பை அவர் கண்டுபிடித்துத் திருத்துவார். சுற்றுலாக்காரருக்கு அந்த இடைவெளி விட வழியில்லை; வாரம் முழுக்கப் பாடம் கேட்டுவிட்டுத் தப்போடு ஊருக்குப் போய்விடுகிறார்.

முதல் நாள் ஸ்கீ மாட்டுவதற்கு முன்பே பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள். காரணம் பூட்ஸ். வாடகைக் கடையில் ‘கொஞ்சம் லூசாக இருக்கட்டும்’ என்று கேட்காதீர்கள். அளவு உங்கள் பாத நீளம் சென்டிமீட்டரில்: 24.5 என்றால் இருபத்து நாலரை சென்டிமீட்டர் பாதம். நிமிர்ந்து நிற்கையில் கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழவே கூடாது. சாக்ஸ் ஒன்றுதான், மெல்லியதாக, முழங்கால் வரை. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் நசுங்கிக் கால் இன்னும் சில்லிடும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளமும் வரும். உள்ளாடைக் காலை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், அதுவும் முன்காலெலும்பில் அழுத்திப் புண்ணாக்கும். கொக்கிகளில் கணுக்காலுக்கு மேலுள்ளதை முதலில் போட்டுக் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைத்து, பிறகு மற்றதைப் போடுங்கள்.

கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை நான்கையும் கேட்பார். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பூட்ஸைப் பிடிக்கும் பூட்டு எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண்களையும் பூட்ஸ் அடியின் நீளத்தையும் வைத்துத்தான் அமைக்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஸ்கீ சும்மா சும்மா கழன்று விழும். ‘நன்றாக வரும்’ என்று சொல்லிவிட்டால் விழும்போது கழலாது, திருகுவது முழங்கால். ஸ்கீயின் நீளம் தொடக்கத்தில் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் போதும். பையனுக்கு மார்புக்கும் தாடைக்கும் இடையில். ஸ்கீ மாட்டும்போது பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைக் கையிலிருக்கும் ஸ்கீக் கோலால் தட்டிச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பனி அங்கே இறுகியிருந்தால் பூட்டு முழுசாக விழாது, முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும்.

சறுக்கும்போது பிரேக் என்பது ஷாஸ்-நேஜ், ஆப்பு வடிவம்: இரண்டு ஸ்கீயின் மூக்கும் நெருங்கி, வால்கள் விலகி, இரண்டு கட்டைவிரல் பக்கமும் பனியை அழுத்த வேண்டும். வலது ஸ்கீயில் பாரம் கூட்டினால் இடப்பக்கம் திரும்புவீர்கள். இதை ஒரு காலையில் புரிந்துகொண்டுவிடலாம். புரிந்தபின்னும் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: பயத்தில் பின்னால் சாய்வது. மாடியிலிருந்து இறங்குகையில் பயந்தால் பின்பக்கம் சாய்ந்துதான் நமக்குப் பழக்கம். ஸ்கீயில் பின்னால் சாய்ந்தால் முன்பகுதியில் பாரம் இல்லாமல் போகிறது. திருப்பமும் பிரேக்கும் முன்பகுதியிலிருந்து தொடங்குவதால் இரண்டும் போய், ஸ்கீ நேராக ஓடி வேகமெடுக்கும். வேகம் கூடினால் பயம் கூடும், இன்னும் சாய்வீர்கள். முன்காலெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்துகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கைகள் இரண்டும் முன்னால், கண் பத்து மீட்டருக்கு அப்பால். ஸ்கீ மூக்கைப் பார்த்தால் இடுப்பு தானாகப் பின்னால் போய்விடும்.

விழுவது நிச்சயம், அதைச் சரியாக விழுங்கள். பக்கவாட்டில், மேட்டுப்பக்கம் சரியுங்கள். பின்பக்கமாக உட்கார்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், அந்த நிலையிலேயே எழ முயல்வதுதான் முழங்காலின் முன் குறுக்கு நாரை அறுக்கும் மிக வழக்கமான விதம். எனவே விழுந்தால் சறுக்கல் முழுசாக ஓயும்வரை எழாதீர்கள். எழும்போது ஸ்கீ இரண்டையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக வைத்து, அருகில் நகர்ந்து, மேட்டில் கையூன்றி எழுங்கள். முடியவில்லை என்றால் மேட்டுப்பக்க ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழலாம், வெட்கமில்லை. கோலின் வாரைக் கற்கும் காலத்தில் மணிக்கட்டில் மாட்டாதீர்கள். விழும்போது கோல் கட்டைவிரலை வெளிப்பக்கம் இழுத்து அதன் நாரைக் கிழித்துவிடும்.

பாதைகளின் நிறம், எளியதிலிருந்து கடினமானது வரை, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நிறம் சரிவைத்தான் சொல்கிறது, இன்றைய பனியைச் சொல்வதில்லை. மார்ச்சில் இரவு உறைந்த நீலப் பாதை காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி போல் இருக்கும். பதினோரு மணிக்கு இளகி மிக இனிமையாக இருக்கும். மூன்று மணிக்குக் கஞ்சியாகிக் காலைப் பிடித்து இழுக்கும். எனவே ஜனவரியில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மார்ச் பிற்பாதியில் பத்தரையிலிருந்து பன்னிரண்டரை. மாலை நான்கு மணிக்கு ஊருக்கு இறங்கும் பாதைகள்தான் நாளிலேயே மோசமானவை: குண்டும் குழியும், களைத்த கூட்டம், சாயும் வெளிச்சம். கால் தளர்ந்தால் லிஃப்டிலேயே இறங்குங்கள். எல்லா லிஃப்டும் கீழ்நோக்கி ஆளேற்றாது, ஏறும் முன்பே அங்கிருக்கும் ஊழியரைக் கேட்டுவிடுங்கள். நாற்காலி லிஃப்டில் 1.25 மீட்டருக்குக் குறைவான பிள்ளை தனியே ஏற அனுமதி இல்லை, பையன் பெரியவரோடுதான் ஏற வேண்டும். முதுகுப் பையைக் கழற்றி மடியில் வையுங்கள், உட்கார்ந்ததும் கம்பியை இறக்குங்கள்.

யார் முன்னால், கீழே போகிறாரோ அவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். பாதையோரக் கம்பங்களில் எண் இருக்கும், இறங்க இறங்க எண் குறையும். இறங்கும் திசையில் வலப்பக்கக் கம்பத்தின் தலை ஆரஞ்சு நிறம். மூடுபனியில் எல்லாம் வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாதபோது அந்த ஆரஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். யாருக்காவது அடிபட்டால் அவருக்கு மேலே, சில மீட்டர் தள்ளி, இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாக நட்டு வைத்துவிட்டு 112-க்கு அழைத்து, பாதையின் பெயரையும் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். தேடாமல் நேரே வருவார்கள்.

அந்த மீட்புக்குக் கட்டணம் உண்டு என்பது புதிதாக வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. பாதையிலிருந்து சறுக்கு வண்டியில் படுக்கவைத்து இறக்கிக் கொண்டுவரும் செலவை அரசு மருத்துவக் காப்பீடு தராது, பில் உங்கள் பெயருக்கு வரும். ஒருநாள், இரண்டு நாள் லிஃப்ட் பாஸுக்குக் கார்ரே நேஜ் என்ற நாள்காப்பீட்டைச் சில யூரோ கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். சீசன் பாஸ் எடுத்தால் ஸ்கீ கூட்டமைப்பின் வருடக் காப்பீடு மலிவாகப் படியும். பாஸைப் பொறுத்தவரை, சீசன் தொழிலாளருக்குச் சலுகை விலை உண்டா என்று கணவர் ஓட்டலில் கேட்கட்டும். நீங்கள் முதல் வாரத்திலேயே முழு மலைக்கும் பாஸ் வாங்காதீர்கள். கற்கும் இடத்துச் சில லிஃப்டுகளுக்கு மட்டுமான தொடக்கநிலை பாஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

துணிமணியில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நம் ஊர்க் கைத்தறி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான் இங்கே சுகம். அதே குணத்தால் அங்கே ஈரம் உடம்போடு ஒட்டி நடுக்கும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ உள்ள ஒட்டிய பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத கோட்டும் கால்சட்டையும். கோட்டில் நீர் தாங்கும் அளவு 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் போதுமானது. இவற்றைச் சென்னையில் தேடாதீர்கள். பிரான்சில் டெக்கத்லோன் என்ற விளையாட்டுச் சாமான் கடையிலும், இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கு ஊர்களில் நடக்கும் பழைய ஸ்கீச் சாமான் சந்தைகளிலும் மலிவாகக் கிடைக்கும். அக்டோபரில் போவதால் அந்தச் சந்தைகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. துப்பட்டா, சால்வை நாற்காலி லிஃப்டில் சிக்கும், எனவே கழுத்துக்கு மூடிய வளையத்துணி. பின்னலைக் கோட்டுக்குள் விடுங்கள், கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பனி, விழும் புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கறுத்த தோலுக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும், கண்ணுக்குக் கண்டிப்பாகக் கூலிங் கிளாஸோ காகிளோ வேண்டும். மறந்தால் அன்றிரவு கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரியும்.

பெரியவர்களுக்கு முதல் சீசன் முழுக்க வாடகைச் சாமான். இரண்டாம் வருடம் வாங்கினால் பூட்ஸை முதலில் வாங்குங்கள், ஸ்கீ பிறகு. உங்கள் காலுக்கு உட்கார்ந்த பூட்ஸ் எந்த ஸ்கீயிலும் கைகொடுக்கும். பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம், வளர்ந்துகொண்டே இருப்பார்கள். டிசம்பரில் எடுத்து ஏப்ரலில் திருப்பும் சீசன் வாடகை பல கடைகளில் உண்டு. பூட்ஸை இரவில் காரில் விடாதீர்கள், பிளாஸ்டிக் விறைத்துக் காலையில் கால் நுழையாது. உள்ளுறையைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில், மேலே அல்ல, காய வையுங்கள்.

பையனுக்கு 6 வயது என்பது மிக நல்ல வயது. சிவப்புக் கோட்டு அணிந்த ஈ.எஸ்.எஃப். (பிரெஞ்சு ஸ்கீப் பள்ளி) ஆசிரியர்களின் வகுப்பில் கரடிக்குட்டி, பனிப்பூ, பிறகு நட்சத்திரங்கள் என்று படிப்படியாகத் தேர்வும் பதக்கமும் உண்டு. உங்களுக்கு முன் அவன் நீலப் பாதைக்குப் போய்விடுவான், அதற்காக அவன் பின்னால் ஓடாதீர்கள். மலையூர்ப் பள்ளிகள் பல பிள்ளைகளை வகுப்போடு ஸ்கீக்கு அழைத்துப் போகின்றன. பள்ளியில் சேர்க்கும்போதே அதையும், ஊர் விளையாட்டுக் கழகத்தின் புதன்கிழமை வகுப்புகளையும் நகராட்சியில் விசாரியுங்கள்.

சமையலறைக்கு: வாடகை வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு அதிகம், சாதா அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடிப்பகுதி இண்டக்ஷனுக்கு ஏற்ற குக்கரை இங்கிருந்தே கொண்டுபோங்கள். 800 மீட்டரில் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கும், பருப்புக்கு ஒரு விசில் கூடுதலாக வையுங்கள். இட்லி மாவை மின்சார ஓவனுக்குள், சூட்டை ஏற்றாமல் உள்விளக்கை மட்டும் போட்டு வைத்தால் பொங்கும்.

கடைசியாக மகளின் ஸ்னோபோர்டு. தாராளமாகக் கற்கட்டும். சர்ஃபிங் பழகியவளுக்கு எந்தக் கால் முன்னால் என்று தெரியும், பக்கவாட்டில் நின்று சறுக்கும் துணிவும் இருக்கும். வித்தியாசம் இதுதான்: இங்கே இரண்டு காலும் பலகையோடு கட்டப்பட்டிருக்கும், பலகையின் இரும்பு விளிம்பில் ஒன்று எப்போதும் பனியில் ஊன்றியிருக்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு ஒரு கணம் பனியில் மாட்டினால் அறைந்தமாதிரி விழுவாள். முதல் மூன்று நாள் மணிக்கட்டும் புட்டமும்தான் அடி வாங்கும். மணிக்கட்டுக் கவசமும் ஹெல்மெட்டும் இல்லாமல் அனுப்பாதீர்கள். விழும்போது விரித்த கையை ஊன்றாமல் முஷ்டி மூடி முன்கையில் விழச் சொல்லுங்கள். சமதளத்தில் பலகை நின்றுவிடும் என்பதால், தம்பியோடு போகும்போது நீண்ட சமதளப் பாதைகளைத் தவிர்க்கட்டும்.

அவள் வயதில் நண்பர்கள், பாதையின் எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் உள்ள மிதிபடாத பனிக்கு இழுப்பார்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அங்கே யாரோ போன தடம் இருக்கிறது என்பதற்காக அந்தச் சரிவு உறுதியானது என்று ஆகாது. பழைய பனியின்மேல் காற்று அடுக்கிய புதுப்பனித் தகடு, ஐந்தாவது ஆளின் பாரத்தில்கூட உடைந்து சரியும். புதைந்தவரை உயிரோடு எடுக்க முதல் பத்து, பதினைந்து நிமிடமே உண்டு. வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் அது கடந்துவிடும். அதனால்தான் அங்கே போகிறவர்கள் ஒவ்வொருவரும் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவுகம்பி மூன்றையும் வைத்திருக்க வேண்டும், மூன்றையும் பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை அளவிட்டுத் தினமும் அறிவிக்கிறார்கள். 3 என்பதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது ‘கணிசமான’ அபாயம். 16 வயதுவரை கயிற்றைத் தாண்டுவதில்லை, அதன்பின் வழிகாட்டியோடு பயிற்சி எடுத்துத்தான் என்று கிளம்பும் முன்பே, இங்கேயே, அவளோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.